இருக்கை சொன்ன பொய்

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை காரில் ஏறும்போதே நொயெல்லா முடிவு செய்துவிட்டாள். இன்றைக்கு யாரோ ஒருவர் கையும் களவுமாக மாட்டப் போகிறார்கள்.

யார் என்பதுதான் இன்னும் தீர்மானமாகவில்லை. பேராசிரியராக இருக்கலாம். சுரங்கத்து மேலாளராக இருக்கலாம். சொல்லவே நாக்கு கூசுகிறது, பெற்ற மகளாகவும் இருக்கலாம்.

பக்கத்தில் அவள் கணவர் அர்வோ இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். முப்பது வருடமாகக் கனடாவின் சட்பரி நிக்கல் சுரங்கத்தில் ஸ்கூப் ஓட்டியவர். கூரை தாழ்ந்த சுரங்கப் பாதையில் பாறையை அள்ளிக்கொண்டு ஓடும் வண்டி அது. ஓட்டுகிறவர் பக்கவாட்டில் உட்கார்ந்து, கழுத்தை ஒருபக்கம் திருப்பியபடியே, குலுங்கிக் குலுங்கி ஓட்ட வேண்டும். அந்தக் குலுக்கலில் இடுப்பு போய்விட்டது. இடது கால் மரத்துப்போய்விட்டது. இந்தக் குளிர்காலம் முழுக்க அர்வோ வீட்டில்தான் கிடக்கிறார்.

வேலையால் வந்த நோய்க்கு நஷ்டஈடு கேட்டார்கள். சென்ற வாரம் அலுவலகம் கையை விரித்துவிட்டது. அந்த வண்டியின் அதிர்வு ஆபத்தான அளவுக்குக் கீழேதான் இருக்கிறதாம். அளந்து பார்த்தாயிற்றாம்.

அளந்தது யார்? அங்கேதான் வீட்டுக்குள் தீப்பிடித்தது. அளந்தது பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம். அர்வோ வீட்டில் முடங்குவதற்கு முன்பே, ஆய்வுக்கூடத்தின் சார்பில் சுரங்கத்துக்குள் இறங்கி, அர்வோவின் பதினேழாம் நம்பர் வண்டி இருக்கையில் அதிர்வை அளக்கும் தட்டை ஒட்டிவிட்டு வந்தவள் ஜானிக். இவர்களுடைய ஒரே மகள்.

"வண்டி மாதிரியே ஆட்டிக் காட்டற அந்த ஆறு கால் மேடைய ஆய்வுக்கூடத்துக்கு வாங்கிக் குடுத்தது யாரு? சுரங்கம்," என்றாள் நொயெல்லா, ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே. "சோறு போடற கைய எவனாவது கடிப்பானா?"

"ரோட்டைப் பாரு," என்றார் அர்வோ கண்ணைத் திறக்காமல்.

"நான் ரோட்டைத்தான் பாக்கறேன். நீதான் எதையுமே பாக்க மாட்டேங்கற. ஒரு வாரமா பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேசல. உனக்கும் சந்தேகம்தானே? சொல்லேன்."

அர்வோ சொல்லவில்லை. அவருடைய ஃபின்லாந்து முன்னோர்கள் சொத்தாக விட்டுப்போனது இரண்டு. கொல்லைப்புறத்து சவ்னா என்னும் நீராவிக் குளியல் கூடம் ஒன்று, வாயைத் திறக்காமல் காலம் தள்ளும் வித்தை மற்றொன்று. பிரெஞ்சு வீட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நொயெல்லா முதலாவதற்கு ஒரே குளிர்காலத்தில் பழகிவிட்டாள். இரண்டாவதற்கு இன்றுவரை பழகவில்லை.

ஆய்வுக்கூட வாசலில் ஜானிக் காத்திருந்தாள். கையில் மூன்று காப்பி.

"குளிருதேன்னு வாங்கினேம்மா."

"வேண்டாம். வீட்லயே குடிச்சுட்டோம்," என்றாள் நொயெல்லா. அவள் குடித்திருக்கவில்லை. அர்வோ ஒரு காப்பியை வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லவில்லை, மகளின் முகத்தையும் பார்க்கவில்லை.

ஜானிக்கின் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. இந்த ஒரு வாரத்தில் அம்மா தொலைபேசியில் சொன்ன வார்த்தைகளில் பாதியை வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் இந்த ஜென்மத்தில் அவர்களோடு பேசியிருக்க மாட்டாள். நொயெல்லாவுக்கு அது தெரியும். தெரிந்தும் மனம் இளகவில்லை. தூங்காதவளுக்கு மடியில் ஏதோ கனம் இருக்கிறது என்றுதான் தோன்றியது.

உள்ளே பேராசிரியர் கிரீவ் சிரித்துக்கொண்டே வரவேற்றார். நெடுநெடுவென்று உயரமான பெண்மணி. அந்தச் சிரிப்பு நொயெல்லாவுக்குப் பிடிக்கவில்லை. "கொஞ்சம்கூட வலிக்காது" என்று சொல்லும் பல் டாக்டரின் சிரிப்பு.

இன்றைய சந்திப்பே நொயெல்லா வம்படியாகப் பிடித்து வாங்கியதுதான். இடுப்பு நோயாளியை மேடையில் ஏற்றுவது வழக்கமில்லை என்று பேராசிரியர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "ஆபத்தில்லாத அளவுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? அப்போ என் வீட்டுக்காரர உக்கார வெக்க உங்களுக்கு என்ன பயம்?" என்று நொயெல்லா கேட்டாள். பேராசிரியர் நாள் குறித்துக் கொடுத்தார். டாக்டரிடமும் ஒரு சம்மதத்தை வாங்கிக்கொண்டுதான் நொயெல்லா வந்திருந்தாள்.

அறையின் நடுவில் அந்த மேடை நின்றது. ஆறு இரும்புக் கால்கள். மேலே நிஜமான ஸ்கூப் இருக்கை ஒன்றைப் பிடுங்கி வந்து பக்கவாட்டில் பொருத்தியிருந்தார்கள்.

"பதினேழாம் நம்பர்ல பதிவான அதிர்வ இந்த மேடை அப்படியே திருப்பி ஆட்டும்," என்று பேராசிரியர் விளக்கினார். "வண்டியில மாட்டியிருந்த கேமரா எடுத்த பாதை இந்தக் கண்ணாடிக்குள்ள தெரியும். போட்டுக்கிட்டா சுரங்கத்துக்குள்ளயே இருக்கற மாதிரி இருக்கும். குலுங்கறப்போ ஓட்டறவங்க கழுத்த எப்படித் திருப்பறாங்க, முதுகு எங்க வளையுதுன்னு பக்கத்துல நின்னு பாக்கலாம். நிஜ சுரங்கத்துல அவ்வளவு கிட்டப் போக முடியாதில்லயா?"

"நிஜ வண்டிக்கு நிஜமா என்ன ஆகுதுன்னு கேட்டா பொம்மை வண்டியக் காட்டறீங்க," என்றாள் நொயெல்லா.

ஜானிக் அப்பாவுக்கு இடுப்புப் பட்டையைக் கட்டினாள். முகத்தை மூடும் பெரிய கண்ணாடியைத் தலையில் மாட்டினாள். கையில் ஒரு சிவப்புப் பொத்தானைக் கொடுத்து அவர் விரல்களை அதன்மேல் மடக்கினாள்.

"கொஞ்சம் சரியில்லைன்னாலும் இத அழுத்திருங்கப்பா. பெருமைக்காக உக்காந்துட்டு இருக்காதீங்க."

"ம்," என்றார் அர்வோ. ஒரு வாரத்தில் மகளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான், அதை வார்த்தை என்று ஒப்புக்கொண்டால்.

மேடை அசையத் தொடங்கியது. அர்வோ கண்ணாடிக்குள் காண்பது சுவரில் இருந்த திரையிலும் தெரிந்தது. ஈரப் பாறை, கூரையோடு ஓடும் குழாய்கள், விளக்கு வெளிச்சத்தில் முன்னால் விரியும் பாதை. நொயெல்லா திரையைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"இதுதான் ஸ்கூப்பா? தொட்டில்ல போட்டு ஆட்டற மாதிரி இருக்கு. இதுல முப்பது வருஷம் உக்காந்தா இடுப்பு எப்படிப் போகும்? தூக்கம்தான் வரும்."

"அதுதான் பதிவு சொல்லுதும்மா," என்றாள் ஜானிக் மெதுவாக.

"பதிவு சொல்லுதா, பதிவைச் சொல்ல வெச்சாங்களா?"

பேராசிரியர் வாயைத் திறப்பதற்குள் அர்வோவின் உடம்பு மாறியது. திரையில் வண்டி பாறைக் குவியலை நோக்கி வேகமெடுத்தது. அர்வோ தோளைக் குறுக்கினார், பல்லைக் கடித்தார், இரண்டு காலையும் தரையில் ஊன்றினார். எத்தனையோ ஆயிரம் முறை வாங்கிய அடிக்கு அந்த உடம்பு தானாகவே தயாரானது. திரையில் வாளி குவியலுக்குள் மோதி இறங்கியது.

மேடை எதுவும் செய்யவில்லை. அதுபாட்டுக்கு மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. இல்லாத படியில் கால் வைத்தவரைப் போல அர்வோ முன்னால் தடுமாறினார். அடுத்து, திரையில் வண்டி பாறையைக் கொட்டுவதற்காக நின்றது. இப்போது பார்த்து மேடை தடதடவென்று ஓட ஆரம்பித்தது.

அர்வோவின் முகம் வெளுத்து, பிறகு பச்சையாயிற்று. பொத்தானை அழுத்தினார். ஜானிக் குப்பைத் தொட்டியோடு ஓடினாள். குடித்த காப்பி முழுவதும் அதற்குள் போயிற்று.

"முப்பது வருஷம்!" நொயெல்லாவின் குரலில் கண்ணாடிச் சன்னல்கள் அதிர்ந்தன. "முப்பது வருஷத்துல ஒரு நாள் இந்த மனுஷன் வாந்தி எடுத்ததில்ல! காப்பியில என்னடி கலந்த?"

"அம்மா! அதே காப்பியத்தான் நானும் குடிச்சேன்!"

"பழக்கமில்லாததால வர்றது," என்றார் பேராசிரியர் அவசரமாக. "கண்ணாடி போட்டா சிலருக்கு இப்படி ஆகும். நிறையப் பேருக்கு ஆயிருக்கு."

"நிறையப் பேருக்கா? எல்லாருக்குமா? என்ன கணக்கு இது?"

நொயெல்லா சண்டைக்காகத்தான் கேட்டாள். ஆனால் குப்பைத் தொட்டியைப் பிடித்தபடி முழங்காலிட்டிருந்த ஜானிக் அப்படியே உறைந்துபோனாள்.

"எல்லாருக்கும்," என்றாள். "இந்தப் பதிவுல உக்காந்த எல்லாருக்கும்."

"ஜானிக்?" என்றார் பேராசிரியர்.

"மத்த வண்டிகளோட பதிவுல யாருக்கும் குமட்டல. பதினேழுல உக்காந்த ஒவ்வொருத்தரும் பொத்தான அழுத்தினாங்க. நாம கண்ணாடி மேல பழியப் போட்டுட்டு விட்டுட்டோம்." அவள் எழுந்து கணினிக்கு ஓடினாள். "கண்ணு ஒண்ணு சொல்லி உடம்பு வேற ஒண்ணு சொன்னா வயிறு புரண்டுரும். கப்பல்ல கீழ் அறையில உக்காந்தா ஆகுமே, அதே மாதிரி."

மறுபடி ஓட்டிப் பார்த்தாள். இந்தமுறை இருக்கையில் யாரும் இல்லை. திரையில் வண்டி மோதியது, மேடை தாலாட்டியது. வண்டி நின்றது, மேடை ஓடியது. தொடக்கத்தில் மட்டும் இரண்டும் ஒன்றாகக் கிளம்பின, அதற்கப்புறம் எந்த இடத்திலும் ஒட்டவில்லை. நொயெல்லாவுக்கே புரிந்தது. ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும்.

"இது ஸ்கூப்பே இல்ல," என்றாள் ஜானிக். "மெத்து மெத்துன்னு சீட்டு வெச்ச வேற ஏதோ வண்டி. நான் ஒட்டின தட்ட யாரோ எடுத்து வேற வண்டியில வெச்சிருக்காங்க."

பேராசிரியர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. "அப்போ நஷ்டஈட்டு அலுவலகத்துக்கு நாம குடுத்த அளவு…"

"தப்பு," என்றாள் ஜானிக். சொல்லிவிட்டு அழுதாள்.

நொயெல்லா வெற்றியில் துள்ளியிருக்க வேண்டும். துள்ளவில்லை. மகளின் தோளைத் தொடலாமா என்று கை நீண்டது, பாதியில் நின்றது. ஒரு வாரமாகத் தான் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. ஆனால் சந்தேகம் என்பது வாடகைக்கு வந்தவனைப் போல. ஒரு வீட்டைக் காலி செய்தால் உடனே அடுத்த வீட்டைத் தேடும்.

"தட்ட ஒட்டினியே, அந்த ஷிஃப்ட்ல பதினேழ ஓட்டினது யாரு?" என்று கேட்டாள்.

"அதச் சொல்லக் கூடாதும்மா. யார் ஓட்டினாங்கன்னு வெளிய சொல்ல மாட்டோம்னு வாக்குக் குடுத்துத்தான் ஒட்டினோம்."

ஜானிக் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்துவிட்டும் இப்படித்தான் காலணியைப் பார்ப்பாள்.

பதினேழாம் நம்பருக்கு ஓட்டுநர்கள் இரண்டே பேர். ஒருவர் மேலே வர, இன்னொருவர் கீழே போவார். ஒரே இருக்கை, சூடு ஆறுவதற்குள் ஆள் மாறும். ஓட்டினது அப்பாவாக இருந்தால் ஜானிக் அப்பாவைப் பார்த்திருப்பாள். பார்க்கவில்லை. மிச்சம் இருப்பது கேதான், நொயெல்லாவின் கூடப்பிறந்த தம்பி.

"வீட்டுக்குப் போலாம்," என்றார் அர்வோ, வாயைத் துடைத்துக்கொண்டே. வழக்கமாக அவர் எதற்கும் அவசரப்படுகிறவர் இல்லை.

கார் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"நொயெல்லா, வேண்டாம்," என்றார் அர்வோ.

"எது வேண்டாம்?"

ஏரிக் கரை வந்ததும் காரை நிறுத்தினாள். ஏரி முழுவதும் உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. அதன்மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக மீன் பிடிக்கிறவர்களின் மரக் குடில்கள். அர்வோவின் காலுக்குப் பனிக்கட்டியில் நடப்பது ஆகாது. அவரைக் காரில் விட்டுவிட்டு நொயெல்லா தனியாக நடந்தாள். கேதானின் குடில் எது என்று கேட்கவேண்டியதே இல்லை. பச்சைப் பெயின்ட், கோணல் புகைபோக்கி.

"வாக்கா!" கதவைத் திறந்த கேதானுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மீனு கடிக்கற நேரமாப் பாத்து வந்திருக்க. உக்காரு. அந்த வாளியக் கவுத்துப் போட்டு உக்காரு. அத்தான் எங்க?"

உள்ளே சின்ன அடுப்பு எரிந்தது. பனிக்கட்டியில் வெட்டிய ஓட்டைக்குள் தூண்டில் கயிறு இறங்கியிருந்தது. நொயெல்லா உட்கார்ந்தாள், கையுறையைக் கழற்றவில்லை.

"பதினேழுல ஒட்டியிருந்த கறுப்புத் தட்ட என்னடா பண்ண?"

"எந்தத் தட்டு?"

"உன் அக்கா மக ஒட்டின தட்டு."

கேதான் ஓட்டையையே பார்த்தான். அம்மா போன பிறகு அவனுக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்து அனுப்பியவள் நொயெல்லாதான். இப்படிப் பார்த்தால் அடுத்து உண்மை வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தது.

"அது எங்கள வேவு பாக்கற தட்டுன்னு நெனச்சோம்க்கா. தட்டு ஆடலைன்னா வண்டி நிக்குதுன்னு அர்த்தம். வண்டி நின்னா ஓட்டறவன் தூங்கறான்னு எழுதுவான். ஒரு வருஷமா மேலாளர் வாயில அந்தப் பேச்சுதான்."

"உடம்புக்காக அளக்கறோம்னு ஜானிக் சொல்லலையா?"

"சொன்னா. அவ தங்கமான பொண்ணு. ஆனா அவள அனுப்பினவன் அவகிட்ட என்ன சொல்லி அனுப்பினானோ, யாரு கண்டா?" அவன் லேசாகச் சிரித்தான். "இந்தச் சந்தேகம் நம்ம ரத்தத்துலயே இருக்குல்ல?"

"மேல சொல்லு."

"ஷிஃப்ட் தலைவனோட வண்டி பக்கத்துலயே நின்னுச்சு. அவன் உள்ள காப்பி குடிச்சுட்டு இருந்தான். தட்ட எடுத்து அவன் சீட்டுக்கு உறை இருக்குல்ல, அதுக்குள்ள செருகி டேப் போட்டுட்டேன். எங்கள எண்ண வந்தது அவன எண்ணட்டும்னு. முடிஞ்சதும் திரும்பக் கொண்டாந்து பதினேழுல ஒட்டிட்டேன். பசங்க ஒரு மாசம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சானுங்க."

நொயெல்லாவுக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது. ஷிஃப்ட் தலைவன் எவ்வளவு நேரம் சும்மா நின்றான் என்று ஒரு பல்கலைக்கழகமே உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறது! அடுத்த கணம் அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் திரும்பியது.

"அவனோட சொகுசு சீட்டுதான்டா உங்க அத்தான் இடுப்புக்கு ஒண்ணுமே ஆகலைன்னு சாட்சி சொல்லியிருக்கு."

"தெரியும்க்கா. போன வாரம் உன் வீட்ல அந்தச் சேதி சொன்னப்பதான் புரிஞ்சுது. அன்னிலேர்ந்து தூக்கமே இல்ல."

"அப்போ போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருவான். பாதுகாப்புக் கருவியில கை வெச்சவனுக்கு மன்னிப்பே கிடையாது. எனக்கு ஏற்கனவே ஒரு எச்சரிக்கை இருக்கு. இந்த வயசுல வேற எவன் எனக்கு வேலை குடுப்பான்?" கயிற்றை ஒரு சுண்டு சுண்டினான். "ஆனாலும் சொல்லிடறேன்னுதான் சொன்னேன். அத்தான்தான் வேண்டாம்னுட்டாரு."

"யாரு?"

"அத்தான்."

"அவருக்கு இது தெரியுமா?"

கேதான் முதல்முறையாக அக்காவை நிமிர்ந்து பார்த்தான். அவளுக்குத் தெரியாது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஷிஃப்ட் மாறற நேரம்க்கா அது," என்றான் மெதுவாக. "நான் டேப் ஒட்டறப்போ விளக்குப் பிடிச்சதே அவர்தான்."

ஏரியின் மேல் திரும்பி நடந்தபோது நொயெல்லாவுக்குக் குளிரே தெரியவில்லை. ஒரு வாரம்! சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவள் மகளைத் திட்டித் தீர்த்தாள். தொலைபேசியில் "கூலிக்கு மாரடிக்கிறவளே" என்றுகூடச் சொன்னாள். அத்தனையையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் பட்டாணி சூப் குடித்தார் இந்த மனுஷன். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்குப் பக்கத்துத் தலையணையைச் சந்தேகப்படத் தோன்றவில்லையே என்று அவமானமாக இருந்தது.

கார்க் கதவை அறைந்து சாத்தினாள்.

"விளக்குப் பிடிச்சியாமே?"

அர்வோ முன்கண்ணாடி வழியே ஏரியைப் பார்த்தார். "அன்னிக்குச் சிரிப்பா இருந்துச்சு."

"நான் ஜானிக்கத் திட்டினேனே, அப்பவும் சிரிப்பா இருந்துச்சா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"தொறந்தா கேதானுக்கு வேலை போயிரும். ஜானிக்குக்கு வேலை போகாது. திட்டுதான் விழும். அவ உன்ன மாதிரி, தாங்குவா." இடுப்புத் தலையணையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "அவ முகத்தப் பாக்க முடியல. அதான் பேசல," என்றார்.

"அப்போ இன்னிக்கு அந்த மேடையில எதுக்கு ஏறின?"

"மேடையே கண்டுபிடிச்சுட்டா யாரும் யாரையும் காட்டிக் குடுக்க வேண்டாம்னு நெனச்சேன்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நொயெல்லா கேட்டது எப்போது என்று ஞாபகமில்லை. கோபம் தணியவில்லை, ஆனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவள் சாவியைத் திருகப் போன நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஜானிக். கார் ஒலிபெருக்கியில் அவள் குரல் பெரிதாகக் கேட்டது.

"அம்மா, பேராசிரியர் அலுவலகத்துக்கு எழுதறாங்க. அளவு தப்புன்னு. அப்பாவோட விண்ணப்பத்தத் திரும்பவும் எடுத்துப் பாப்பாங்க!" குரலில் மகிழ்ச்சி இருந்தது. பிறகு அது தணிந்தது. "ஆனா சுரங்கத்துக்கும் எழுதியாகணும். தட்ட எடுத்தது யாருன்னு அவங்க திங்கக்கிழமை விசாரிப்பாங்க. நான்…"

"ஜானிக்," என்றார் அர்வோ.

அப்பா தானாகப் பேசியதில் அவள் திகைத்துப்போனாள். "அப்பா?"

"அது நான்தான். ஷிஃப்ட் மாறறப்போ நான்தான் எடுத்தேன். உன் மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது."

நொயெல்லா அவர் பக்கம் திரும்பினாள். அவர் திரும்பவில்லை.

"அப்பா, என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" ஜானிக்கின் குரல் மெலிந்தது. "நஷ்டஈடு கேக்கறவரே அளவுல கை வெச்சிருந்தா விண்ணப்பம் அதோட முடிஞ்சுது. திரும்ப எடுக்கவே மாட்டாங்க. உங்க இடுப்பு, காலு, எதுக்கும் ஒண்ணும் கிடைக்காது."

"தெரியும்."

"மாமா அந்தத் தட்டு மேலதானேப்பா உக்காரணும்? சீட்டுல தட்டு இல்லைன்னு தெரியாமலா ஷிஃப்ட் முழுக்க வண்டிய ஓட்டினாரு?"

அர்வோ முன்கண்ணாடியில் படிந்த மூச்சுப் பனியைக் கையால் துடைத்தார்.

"அம்மா," என்றாள் ஜானிக். "அப்பா சொல்றது நிஜமா? நீ சொல்லு."

தூரத்தில் பச்சைக் குடிலுக்கு வெளியே கேதான் வந்து நின்றான். தலையில் தொப்பிகூட இல்லை. இந்தக் குளிரில் காது அறுந்துவிடும் என்று அவனுக்கு எத்தனை தடவை சொல்வது? காரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்தப் பக்கம் முப்பது வருட இடுப்பு. அந்தப் பக்கம் தொப்பி போடாத தம்பி. மாதக்கணக்காக நொயெல்லா அலைந்ததும் கத்தியதும் எல்லோருடைய கதவையும் தட்டியதும் அந்த இடுப்புக்காகத்தான். 'பொய்' என்று ஒரு வார்த்தை சொன்னால் நஷ்டஈடு கிடைத்துவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அர்வோ முன்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கெஞ்சவுமில்லை.

"நிஜம்தான்," என்றாள் நொயெல்லா.

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சரிம்மா," என்றாள் ஜானிக். தொடர்பைத் துண்டித்தாள்.

நொயெல்லா கையைச் சாவியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் 'சரி' அவளுக்கு நன்றாகத் தெரிந்த 'சரி'. எதிரில் இருப்பவர் சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட நம்பாதபோது அவளே இப்படித்தான் சொல்வாள். சொல்லிவிட்டு, உண்மை கிடைக்கும்வரை தோண்டாமல் ஓயமாட்டாள்.